வெளியூர் ரசிகரைத் தடுத்தால் எது நிற்கிறது?

இரண்டு ஊர் அணிகள் மோதுகின்றன. வந்த ஊரின் ஆட்களைக் களத்துக்குள் விடலாமா? விட்டால் எங்கே உட்கார வைப்பது, எந்த வழியாகத் திருப்பி அனுப்புவது? ஐரோப்பியக் கால்பந்து இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிறது. 2025 நவம்பர் 6 அன்று பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லாவோடு மோத வந்த மக்காபி டெல் அவிவ் அணிக்கு ரசிகர் ஒருவரைக்கூட அழைத்துவர அனுமதி கிடைக்கவில்லை. அந்தத் தடைக்குக் காவல்துறை அடுக்கிய சான்றுகளில் நடக்கவே நடக்காத ஓர் ஆட்டமும் இருந்தது என்பது பிறகு வெளிப்பட்டு, இங்கிலாந்தில் பெரிய விவாதமாயிற்று.

தாமிரபரணிக் கரையில் அந்த வேகமும் கூட்டமும் கால்பந்துக்கு இல்லை. பாளையங்கோட்டைப் பள்ளிகளில் கால்பந்து உண்டு, சங்கர் நகரில் டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கிறது. ஆனால் ஊரை ஊரோடு மோதவிடுவது கபடிதான். ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் 1994-இல் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் இந்த ஆற்றுப் பாசன ஊர்களில் ஒன்றிலிருந்து போனவர். கோயில் கொடை, பொங்கல், தலைவர் பிறந்த நாள் என ஏதாவது ஒன்றையொட்டி இரவில் விளக்குப் போட்டு நடக்கும் போட்டிகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அணிகள் வரும், அணியோடு ஆட்களும் வருவார்கள். வருகிற ஊரும் அழைக்கிற ஊரும் வேறு வேறு சாதியினராக இருந்தால், ஆட்டத்தின் தோல்வி ஆட்டத்தோடு முடிவதில்லை.

2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் பகுதியிலிருந்து தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வழிமறிக்கப்பட்டு வெட்டப்பட்டார். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற தரப்பின் வன்மமே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். வேறு காரணங்களும் பேசப்பட்டன. கைது செய்யப்பட்டவர்களும் சிறார்களே. காரணம் எதுவாக இருந்தாலும், வெட்டு விழுந்த இடம் களமோ பார்வையாளர் வரிசையோ அல்ல. பள்ளிக்குப் போகிற பேருந்து. வெளியூர் ரசிகர்களைப் பற்றி எழுதப்பட்டுள்ள விதிகளில் பெரும்பாலானவை மைதானத்தின் வாசலை நினைத்து எழுதப்பட்டவை. அந்த விதிகளும் அவற்றுக்குப் பின்னால் உள்ள வாதங்களும் இந்த ஆற்றுப்படுகைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சேலமும் சிவகாசியும்

கூட்டத்தைப் பற்றிய சட்டச் சிந்தனை இங்கே விளையாட்டிலிருந்து தொடங்கவில்லை, ஊர்வலத்திலிருந்து தொடங்கிற்று. ஓர் ஊர்வலம் போனால் எதிர்த் தரப்பு கலவரம் செய்யும் என்று தெரிகிறது. அரசு யாரை நிறுத்த வேண்டும்? இங்கிலாந்தில் 1882-இல் பீட்டி எதிர் கில்பாங்க்ஸ் வழக்கில் இது எழுந்தது. சால்வேஷன் ஆர்மி ஊர்வலம் போனால் எதிர்ப்பாளர்கள் அடிதடியில் இறங்குவார்கள் என்பதற்காக, சட்டப்படி நடப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது நீதிமன்றம். மறு ஆண்டே, 1883-இல், சேலத்தில் பள்ளிவாசலைக் கடந்து மேளதாளத்தோடு போகும் ஊர்வலம் பற்றிய சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும் ஏறக்குறைய அதே திசையில் பேசிற்று. உரிமையைப் பயன்படுத்துபவருக்குக் காவல் தருவதே அதிகாரிகளின் முதல் கடமை. இருக்கிற படை போதாதபோதுதான் அமைதி கருதி உரிமை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் பாதி கொள்கையாகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. நடைமுறையை ஆண்டது இரண்டாம் பாதி. படை போதாது என்பது எந்த மாவட்ட நிர்வாகமும் எந்த நாளும் சொல்லக்கூடிய காரணம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 1895-இல் கழுகுமலையில் நடந்த மோதலும் 1899 ஜூனில் சிவகாசியில் நடந்த சூறையாடலும் அதை உறுதிப்படுத்தின. சிவகாசியைத் தாக்கியவர்கள் சுற்றுப்பட்டிகளிலிருந்து திரண்டு வந்தவர்கள். அதன் பிறகு தண்டக் காவல் நிறுத்தி, அதன் செலவை அந்தப் பகுதி மக்கள் தலையில் வரியாகப் போட்டது அரசு. தாக்கப்பட்ட தரப்பும் அந்த வரியிலிருந்து தப்பவில்லை. ஊரையே ஓர் அலகாகக் கொண்டு பொறுப்பாக்கும் வழக்கத்துக்கு இது ஒரு முன்மாதிரி.

அதன் உச்சம் 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், மக்கள் வாயில் கைரேகைச் சட்டம். ஒருவர் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதைக் கொண்டே பதிவு, இரவில் நிலையத்தில் ஆஜர், ஊர் தாண்ட அனுமதிச் சீட்டு. 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வரை போன அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் நீக்கியது. ஒரு கூட்டத்தின் பயணத்தை அதன் அடையாளத்தை வைத்து முன்கூட்டியே தடுக்கலாம் என்ற எண்ணம் தென்மாவட்டங்களுக்குப் புதிதல்ல என்பதைச் சுட்டவே இதைக் குறிப்பிடுகிறேன். இன்றைய ஆணைகளை அந்தச் சட்டத்தோடு சமப்படுத்துவது நியாயமாகாது. ஆனால் ஆணை பிறப்பிப்பவருக்கு அந்த நினைவு இல்லாவிட்டாலும், ஆணைக்கு உள்ளாகிறவர்களுக்கு இருக்கிறது.

மாவட்ட எல்லையில் நிறுத்துவது

முதல் விடை, வருபவரை வராமலே தடுப்பது. கால்பந்தில் இதன் தெளிவான சோதனை இங்கிலாந்தின் லூட்டன் நகரில் நடந்தது. 1985 மார்ச் 13 அன்று அங்கே மில்வால் ரசிகர்கள் நடத்திய கலவரத்துக்குப் பிறகு, 1986 முதல் நான்கு பருவங்களுக்கு லூட்டன் கிளப் வெளியூர் ரசிகர்களை ஏற்கவே இல்லை. அதை விட்டுக்கொடுக்க மறுத்ததால் லீக் கோப்பைப் போட்டியிலிருந்தே அந்த அணி வெளியேற்றப்பட்டது. தாட்சர் அரசு அதை நாடு முழுவதற்குமான உறுப்பினர் அட்டைத் திட்டமாக்க விரும்பியது. 1989-இல் ஹில்ஸ்பரோ பேரழிவு நடந்தது. உயிரிழந்தோர் 97 பேர். அதை விசாரித்த டெய்லர் நீதிபதி, 1990 ஜனவரி அறிக்கையில் அட்டைத் திட்டத்தை ஏற்கவில்லை. அந்தச் சாவுகளுக்குக் காரணம் ரவுடித்தனம் அல்ல, கூட்டத்தைக் கையாளத் தவறியதே என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

அர்ஜென்டினா இதே விடையை மிக நீண்ட காலம் கடைப்பிடித்தது. 2013 ஜூனில் லா பிளாட்டா நகரில் லனூஸ் அணியின் ரசிகர் ஒருவர் இறந்த பிறகு முதல் பிரிவு ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் தடுக்கப்பட்டனர். அவர் எதிரணி ரசிகரால் கொல்லப்படவில்லை. போலீசின் ரப்பர் குண்டால் இறந்தவர். தடைக்குப் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. பல, ஒரே கிளப்பின் ரசிகர் கும்பல்கள் தங்களுக்குள் மோதியதால் வந்தவை. 2017-இல் கோர்டோபாவில் வெளியூர் ரசிகர் இல்லாத ஓர் ஆட்டத்தில், எதிரணி ஆள் ஒளிந்து வந்திருக்கிறான் என்ற பழியின் பேரில் சொந்த அணி ரசிகரையே படிக்கட்டிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். தடை சந்தேகத்தை ஒழிக்கவில்லை. அதற்கு வேறு இலக்கைத் தந்தது. 2025-இல் சில ஆட்டங்களுக்குச் சோதனை முறையில் தடையைத் தளர்த்தத் தொடங்கினார்கள்.

இந்தோனேசியாவின் கஞ்சுருகான் அரங்கம் இந்த வாதத்துக்கு இன்னும் கடுமையான சாட்சி. 2022 அக்டோபர் 1 அன்று அரேமா, பெர்செபயா அணிகளின் பகையை முன்னிட்டு பெர்செபயா ரசிகர்களை வரவிடவில்லை. அரங்கில் இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே. ஆட்டம் முடிந்து சிலர் களத்தில் இறங்கியதும் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது; வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தனர். வெளியூர்க்காரரைத் தடுத்துவிட்டோம், இனி ஆபத்தில்லை என்ற நம்பிக்கையே மற்ற ஏற்பாடுகளைத் தளரவிடுகிறதா என்பது ஆராயத்தக்கது. ஒரு நிகழ்வை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் பகுதியில் இந்த விடையின் வடிவம் 144 தடை உத்தரவு; 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. மாநகரக் காவல் எல்லைகளில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், பிற இடங்களில் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள் ஆகியவற்றையொட்டி நெற்கட்டும்செவல் பகுதியிலும், செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன் குருபூசை நிகழ்வுகளையொட்டி இராமநாதபுரம் மாவட்டத்திலும் கட்டுப்பாடுகள் வருகின்றன. வாடகை வண்டியில் வரக்கூடாது, சொந்த வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், கூரைமேல் உட்காரக் கூடாது, சொன்ன பாதையில்தான் வர வேண்டும். நெல்லையிலிருந்து புறப்படும் வண்டிகளுக்கு உள்ளூர்க் காவல் நிலையமே முதல் வாசல். கால்பந்தில் ரசிகர் பேருந்துகளுக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

இந்த விடையின் விலை 2011-இல் தெரிந்தது. பச்சேரி கிராமத்தில் கொல்லப்பட்ட மாணவனின் குடும்பத்தைப் பார்க்கவும் பரமக்குடி நினைவிடத்துக்கும் போகவிருந்த தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத் தலைவர் ஜான் பாண்டியன், மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது என்ற தடையின் பேரில் செப்டம்பர் 11 அன்று தாமிரபரணிக் கரையிலுள்ள வல்லநாட்டில் தடுத்துக் கைது செய்யப்பட்டார். செய்தி பரமக்குடிக்குப் போய்ச் சேர்ந்ததும் மறியல் தொடங்கியது. தடியடி, துப்பாக்கிச் சூடு, ஆறு உயிர்கள். விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டைத் தவிர்க்க முடியாதது என்றது. அந்த முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. ஆனால் நிகழ்வின் வரிசை மறுக்கப்படவில்லை: ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தியது, பல பத்து மைல் தள்ளி ஆறு பேர் இறந்த கலவரத்தின் தொடக்கமாயிற்று. அவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் நிறுவ முடியாது. வராமல் தடுத்ததால் அமைதி வரவில்லை என்பது மட்டும் நிறுவப்பட்டது.

தடையை ஆதரிப்போரின் வாதத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 1995 முதல் 1997 வரை தென்மாவட்டங்கள் சாதி மோதல்களில் பட்டதை நினைவில் வைத்திருக்கும் எந்த ஆட்சியரும், ஒரு வண்டி தவறான தெருவில் திரும்பினால் என்ன ஆகும் என்று அஞ்சுவார். 2011-க்குப் பின் கட்டுப்பாடுகள் இறுகிய ஆண்டுகளில் குருபூசைகள் பெரும்பாலும் உயிரிழப்பின்றிக் கடந்தன என்பது அவர்கள் காட்டும் சான்று. அது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் காவலர் எண்ணிக்கை, கண்காணிப்புக் கேமரா, பாதைப் பிரிப்பு, சமாதானக் கூட்டங்கள் எல்லாமே கூடின. எது வேலை செய்தது என்று பிரித்தறிய, ஒவ்வோர் ஆணைக்கும் பிறகு ஒரு மதிப்பீடு எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். அது வழக்கத்தில் இல்லை.

நீதிமன்றங்களும் இங்கே இரண்டு குரலில் பேசியிருக்கின்றன. 1961-இல் பாபுலால் பராத்தே, 1970-இல் மது லிமாயே ஆகிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 144-ஐச் செல்லும் என்றது, அவசரநிலைக்கு மட்டும் என்ற எல்லையோடு. 1981-இல் குலாம் அப்பாஸ் வழக்கில், உரிமையுள்ளவரைத் தடுப்பதை விட இடையூறு செய்பவரைத் தடுப்பதே முதல் வழி என்றது. சேலம் வழக்கின் குரலை அதில் கேட்கலாம். மீண்டும் மீண்டும் அதே ஆணை பிறப்பிப்பது அதிகார மீறல் என்று 2020-இல் அனுராதா பாசின் வழக்கிலும் சொல்லப்பட்டது. ஆண்டுதோறும் நாட்காட்டி பார்த்து வரும் ஓர் ஆணை அவசரநிலை ஆணை ஆகுமா என்ற கேள்வி, இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் நேராகத் தீர்க்கப்படாமல் நிற்கிறது.

அடையாளத்தைக் கழற்றச் சொல்வது

இரண்டாவது விடை: ஆள் வரலாம், அடையாளம் வரக்கூடாது. கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடும் விழாக் குழுக்களுக்கு நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளில், சாதித் தலைவர், கட்சித் தலைவர் படம் போட்ட பனியன் கூடாது, குடித்துவிட்டு இறங்கக் கூடாது, முதலுதவிக் குழு இருக்க வேண்டும், சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும் என்பவை வழக்கமானவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் அறிக்கையில் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதிக் குறிகளைப் பள்ளிகளில் தடுக்கப் பரிந்துரைத்தது. இதற்குப் பெரிய முன்னுதாரணம் 1997. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததையொட்டி எழுந்த கலவரங்களுக்குப் பிறகு, கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலியாயிற்று.

இதன் பலம், யாரையும் வெளியே நிறுத்தாமை. பலவீனம், குறி இல்லாமலும் ஆளைத் தெரியும் என்பது. பெரிய நகரத்து அரங்கில் பனியனின் நிறம்தான் ரசிகனைக் காட்டும். இங்கே முகமும் ஊர்ப்பெயரும் போதும். ஆகவே இந்த விடை தூண்டுதலைக் குறைக்கலாம், பகையை மறைக்காது. பொதுவான குறியை மட்டும் தடுத்து, அணியின் பெயரிலும் கோப்பையின் பெயரிலும் சாதி தொடரவிடும்போது அதன் பயன் இன்னும் சுருங்குகிறது.

ஆளைக் குறிவைப்பது

மூன்றாவது, கூட்டத்தை விட்டுவிட்டுக் குற்றம் செய்த ஆளை மட்டும் தடுப்பது. இங்கிலாந்தில் 1989, 2000-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி தனிநபர் தடையாணைகள் உண்டு. ஆட்ட நாளில் அவர் மைதானத்தின் பக்கமே வரக்கூடாது. இத்தாலியில் 2007-இல் கட்டானியாவில் காவல் அதிகாரி கொல்லப்பட்ட பிறகு ரசிகர் அட்டை வந்தது. நம்மிடம் இதற்கு இணை, நன்னடத்தைப் பிணை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110; இன்று சன்ஹிதாவின் 126, 129. ஆட்டத்துக்கோ விழாவுக்கோ முன்னால் ‘லிஸ்ட்’ போட்டுப் பிணை எழுதி வாங்குவது தென்மாவட்டக் காவல் நிலையங்களுக்குப் பழகிய வேலை. அளவில் சிறியது, காரணம் கேட்கக்கூடியது என்பதால் கொள்கையளவில் இதுவே மற்றவற்றை விட நேர்மையானது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது எளிது, இறங்குவது அரிது. காவல் துணை ஆணையர்களுக்கே நடுவர் அதிகாரம் தந்த அரசாணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது, பட்டியல் போடுபவரே தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்க முடியாது என்ற அடிப்படையில். சிறார்கள் செய்யும் குற்றங்களுக்கு இந்த வழி கிட்டத்தட்ட உதவாது. 2025 மார்ச் வழக்கில் அரிவாள் பிடித்தவர்களுக்கு முன்பே பிணை எழுதி வாங்கியிருக்க எந்த ஏடும் இருந்திருக்காது.

வழியை ஒழுங்கு செய்வது

நான்காவது விடை கூட்டத்தின் வரவையும் போக்கையும் திட்டமிடுவது. நெதர்லாந்தில் ஆபத்தான ஆட்டங்களுக்குப் பயணச் சீட்டோடு சேர்த்தே ஆட்டச் சீட்டு விற்கிறார்கள். ரசிகர் தமக்கென ஒதுக்கிய பேருந்தில் வந்து அதிலேயே திரும்ப வேண்டும். கிளிஃபர்ட் ஸ்டாட், ஸ்டீபன் ரைச்சர் ஆகிய சமூக உளவியலாளர்களின் ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கூட்டத்தை மொத்தமாக எதிரியாக நடத்தினால் அமைதியானவரும் வம்பர்களோடு ஒன்றுசேர்கிறார். பேசி, பிரித்து, படிப்படியாக நடத்தினால் கூட்டமே தன் வம்பர்களை அடக்குகிறது. போர்ச்சுகலில் 2004 ஐரோப்பியக் கோப்பையின்போது இந்த முறையைப் பின்பற்றிய நகரக் காவல் பகுதிகளில் பெரிய மோதல்கள் எழவில்லை. 2016-இல் ஐரோப்பிய அவை கையெழுத்துக்கு வைத்த செயின்ட் டெனி உடன்படிக்கை, காவலோடு பாதுகாப்பையும் விருந்தோம்பலையும் ஒரே திட்டமாகப் பார்க்கச் சொல்கிறது.

நம் ஆற்றங்கரையில் இதற்கு ஒரு மாதிரி உண்டு, விளையாட்டோடு தொடர்பில்லாமல். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தின் தனியார் வண்டிகளை அண்மை ஆண்டுகளில் அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்தி, அரசுப் பேருந்துகளில் மலைக்கு அனுப்புகிறார்கள். காரணம் புலிகள் காப்பகம். பக்தர்களுக்கு அதில் குறைகளும் உண்டு. ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எப்படிப் போகிறீர்கள் என்பது மட்டுமே ஒழுங்கு செய்யப்படுகிறது. அனைவருக்கும் ஒரே விதி என்பதாலேயே அது அவமதிப்பாகத் தோன்றுவதில்லை.

வரும் வழியைப் போலவே கலையும் வழியும் முக்கியம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. ஓடியவர்களுக்கு ஒரு பக்கம் தாமிரபரணி. குழந்தை உட்பட 17 பேர் இறந்தனர். தடுப்பதை மட்டும் யோசித்து, தடுக்கப்பட்டவர் எங்கே போவார் என்று யோசிக்காத திட்டம் என்ன செய்யும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. கூட்டக் காவல் பற்றி நெல்லையில் எழுதப்படும் எதுவும் அந்த ஆற்றை விட்டுவிட்டு எழுதப்படக் கூடாது.

கொல்கத்தாவிலிருந்து இரண்டு காட்சிகள்

இந்தியாவில் எதிரணி ரசிகர் பிரச்சினை முழு உருவில் இருப்பது கொல்கத்தாவில். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பிரிக்கப்படாமல் அமர்ந்திருந்த ஆட்டத்தில் மோதலும் நெரிசலும் 16 உயிரைக் கொண்டுபோயின. அதன் பிறகு பார்வையாளர் பகுதியைப் பிரிப்பது நிலையான விதியாயிற்று. பிரித்து அமர்த்தலாம் ஆனால் விலக்கக் கூடாது என்பதே அங்கே நிலைத்த சமரசம். அது பெருமளவில் தாக்குப்பிடித்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று, ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொலையையொட்டிய போராட்டச் சூழலில், பாதுகாப்பு தர இயலாது என்று டூரண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. இரு அணி ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே ஒரே கோஷத்தோடு நின்றார்கள், தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். பாதுகாப்பு என்ற காரணம் கூட்டத்தின் குணத்தைப் பற்றிய கணிப்பாக மட்டும் வருவதில்லை, கூட்டம் என்ன பேசும் என்ற கவலையாகவும் வரக்கூடும் என்ற ஐயத்தை அந்த நாள் எழுப்பியது.

யார் வெளியூர்?

கால்பந்துத் தடைகளை இங்கே அப்படியே பொருத்த முடியாமைக்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. லீக் ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி விருந்து நடத்துகின்றன. இன்று தடுக்கப்படும் ரசிகர் அடுத்த சுற்றில் தம் சொந்த அரங்கில் அமர்வார். தடை இருவருக்கும் ஒரே அளவு சுமை. கிராமக் கபடியில் அந்தச் சமநிலை கிடையாது. போட்டி நடத்த இடம் வேண்டும், விளக்கும் கேலரியும் வேண்டும், பரிசுப் பணத்துக்குக் கொடையாளர் வேண்டும், காவல் நிலையத்தில் அனுமதி வாங்கித்தர ஆள் வேண்டும். இவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள் எப்போதும் உள்ளூர். இல்லாதவர்கள் அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் வெளியூர். ஆகவே வருபவரைக் கட்டுப்படுத்தும் விதி, எழுத்தில் பொதுவாக இருந்தாலும், சுமையாக ஒரு பக்கத்தின் மீதே விழும். பட்டியல் சாதி அணிகள் மட்டும் ஆடும் போட்டி, மற்றவர்கள் மட்டும் ஆடும் போட்டி என்று தனித்தனியாகப் பிரிந்துபோவது அமைதியைத் தரலாம். அது எந்த அமைதி என்பதையும் கேட்க வேண்டும். மாரி செல்வராஜின் ‘பைசன்’ 2025-இல் திரையில் பேசியது இதைப் பற்றித்தான்: களம் கலப்பதற்கான இடம், அதைக் கலக்கவிடாமல் காப்பது களத்தையே இழப்பது.

நிலத்தைப் பொதுவாக்குவது இதற்கு ஒரு பதிலாகலாம். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், வ.உ.சி. மைதானம் போன்ற இடங்களில் யாரும் உள்ளூர் அல்ல. ஊராட்சித் தரிசிலும் பள்ளி மைதானத்திலும் நடக்கும் போட்டிகளுக்கு ஊராட்சியே அழைப்பாளராக இருந்தால் விருந்தளிக்கும் உரிமை சுழலக்கூடும். ஆனால் நகரத்துக்குக் கொண்டுபோனால் கபடி ஊர்த்திருவிழாவின் உயிரை இழக்கும். ஊராட்சித் தலைமையே ஒரு தரப்பாக இருக்கும் இடங்களும் நிறைய. 2021-இல் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய இளையோர் கபடிப் போட்டியின் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். அங்கே சாதி மோதலும் இல்லை, எதிரணிக் கூச்சலும் காரணமில்லை, கட்டை தாங்கவில்லை. வெளியூர் ரசிகர் பற்றிய அச்சம் அதிகாரிகளின் கவனம் முழுவதையும் வாங்கிக்கொள்ளும்போது, கேலரியைச் சோதிப்பது போன்ற எளிய வேலை பின்தங்குகிறது.

தீராதவை

இதுவரை கிடைக்கும் சான்றுகள் மொத்தத் தடைக்குச் சாதகமாக இல்லை. லூட்டன், அர்ஜென்டினா, கஞ்சுருகான், வல்லநாடு நான்கும் வெவ்வேறு வகையில் அதன் பலவீனத்தைக் காட்டுகின்றன. ஆயினும் மொத்தத் தடை நிறுத்திய கலவரங்கள் கணக்கில் வருவதில்லை என்ற எதிர்வாதத்தை முழுமையாக ஒதுக்க முடியாது. நடக்காதவற்றை எண்ண முடியாது என்பது இத்துறையின் நிரந்தரச் சிக்கல். வழியை ஒழுங்கு செய்வதும் தனிநபரைத் தடுப்பதும் கொள்கையில் மேலானவை. ஆனால் அவை பணமும் பயிற்சியும் நேர்மையான பதிவும் உள்ள காவல் அமைப்புகளில் சோதிக்கப்பட்டவை. ஓர் உதவி ஆய்வாளரும் நான்கு காவலரும் கொண்ட நிலையம் ஓர் இரவில் மூன்று ஊர்ப் போட்டியைக் கவனிக்க வேண்டிய இடத்தில் அவை எப்படி வேலை செய்யும் என்பது திறந்த கேள்வி.

இன்னொன்றும் திறந்தே இருக்கிறது. அனுமதி ஆணைகள் பொதுவாக ஆட்டம் முடியும் நேரத்தோடு முடிந்துவிடுகின்றன. தோற்ற அணி ஊர் திரும்பும் வழி, வென்ற அணியின் மாணவன் மறு வாரம் பள்ளிக்குப் போகும் பேருந்து, இரண்டும் ஆணைக்கு வெளியே. வென்றவருக்கான காவல் எத்தனை நாள் நீளலாம், அது காவல்துறையின் பொறுப்பா, பள்ளியின் பொறுப்பா, போட்டி நடத்திய குழுவின் பொறுப்பா என்று வரையறுக்க முடியுமா? வரையறுத்தால், அந்தக் காவலே அந்த மாணவனை ஊரில் தனித்துக் காட்டி இன்னொரு ஆபத்துக்கு உள்ளாக்குமா? 2025 மார்ச்சுக்குப் பிறகு இந்த ஆற்றுப்படுகையில் கபடி அனுமதி பற்றிப் பேசும் எவரும் இவற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.